கயிற்றில் வந்த ஏழாம் வாய்ப்பாடு

கரைவலை இழுக்க மணி அடிப்பதில்லை. படகில் கொண்டுபோய்க் கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் கயிறு கரைக்கு வந்து சேர்ந்ததும் யாராவது ஒருவர், "ஏலே, கயிறு வந்திருச்சு!" என்று கத்துவார். அவ்வளவுதான். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் கலயத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மீதியைக் கயிற்றில் வைத்துக்கொள்ளலாம் என்று சேர்ந்தே ஓடுவார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்த நாங்கள் சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடுவோம்.

எங்கள் ஓட்டத்துக்குக் காரணம் இருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்த கை எதுவானாலும் அதற்கு மீனில் பங்கு உண்டு என்பது எங்கள் ஊர் வழக்கம். பெரியவர்களுக்குப் பெரிய பங்கு. எங்களைப் போன்ற பொடிசுகளுக்கு ஒரு கை அள்ளிப் போடுவார்கள். அந்த ஒரு கை மீன்தான் பல வீடுகளில் ராத்திரிக் குழம்பு. ஆகவே பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தது என்று எந்தத் தாயும் கேட்கவில்லை. ஓடி வராத பிள்ளையைத்தான், "காது கேக்கலையாடி ஒனக்கு?" என்று கேட்டார்கள்.

எங்கள் ஊர் மாரியூருக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய சின்ன ஊர். பள்ளிக்கூடம் என்பது ஒரு பனையோலைக் கொட்டகை. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே வாத்தியார். முன்பு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. நல்ல தண்ணீர் இல்லை, சாயல்குடிக்கு மணலில் நடக்க வேண்டும், பிள்ளைகள் பாதிப் பாடத்தில் ஓடிப்போகிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியாக வந்தவர் உத்தரகோசமங்கைப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. கண்மாய் தெரியும், வயல் தெரியும், கடல் தெரியாது. வந்த புதிதில் கொட்டகைக்குள் ஒரு நண்டு நுழைந்தபோது நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டார். அதை நாங்கள் வீட்டுக்கு வீடு நடித்துக் காட்டினோம்.

ஆனால் அவரைப் போலப் பாடம் நடத்துகிறவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் எழுத்து அறிந்த முதல் ஆள் நான். இப்போது ஆசிரியப் பயிற்சியும் படிக்கிறேன். ஆகவே இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன். எங்கள் பயிற்சிப் பள்ளியில் வண்ண அட்டைகள் இருக்கின்றன, கம்பியில் கோத்த மணிச்சட்டம் இருக்கிறது, சுழற்றினால் சுற்றும் பூமி உருண்டை இருக்கிறது. அவரிடம் இருந்தது மணல். அலை வந்து நனைத்துப்போன மணலில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு 'அ' எழுதுவார். நாங்கள் வரிசையாக அதன் மேல் நடக்க வேண்டும். சுழியில் திரும்பி, வயிற்றில் வளைந்து, கடைசிக் கோட்டில் நேரே இறங்கி வெளியே வர வேண்டும். கால் அறிந்த எழுத்தைக் கை மறக்காது என்பார். கூட்டலுக்குச் சிப்பி. பத்துப் பத்தாகக் கயிற்றில் கோத்துக் கொட்டகையின் கம்பத்தில் தொங்கவிட்டிருந்தார். காற்றடித்தால் கணக்கு முழுவதும் கலகலவென்று ஆடும்.

இவ்வளவு செய்தும், கயிறு வந்தது என்ற சத்தம் கேட்டால் கொட்டகை காலிதான்.

ஒருநாள் அவர் எங்களுக்குப் பின்னாலேயே ஓடி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் பிரம்பு இருந்தது. வந்தவர் கயிற்றருகே நின்றுவிட்டார். எங்கள் சித்தப்பா அம்பா பாடிக்கொண்டிருந்தார். வலை இழுப்பவர்கள் கை சேர்ந்து வருவதற்காகப் பாடும் பாட்டு அது. முன்னால் நிற்பவர் ஓர் அடி பாடுவார். மற்றவர்கள் பதில் பாடி இழுப்பார்கள். சித்தப்பா பாடுகிற அடிகள் கல்யாணமானவர்கள் கேட்க வேண்டியவை. நாங்கள் பொருள் தெரியாமல் உரத்த குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வாத்தியார் முகம் சிவந்து, "ஏங்க, பச்சப் பிள்ளைக நிக்குதே. வேற பாட்டே இல்லையா?" என்றார்.

"வேற பாட்டுக்கு வலை அசையாது சார்" என்றார் சித்தப்பா. "வேணும்னா நீங்க ஒண்ணு பாடுங்க, பாப்போம்."

கயிற்றில் சிரிப்பு எழுந்தது. வாத்தியார் பிரம்பை மணலில் குத்திவைத்தார். பெண்களும் பிள்ளைகளும் பிடித்திருந்த பின்பக்கத்துக்கு வந்து கயிற்றைப் பற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சித்தப்பாவின் மெட்டிலேயே இழுத்தார்:

"ஓரேழு...!"

ஒரு நொடி விழித்தோம். பிறகு பழக்கம் வாயைத் திறந்தது. "ஏழு!" என்று இழுத்தோம்.

"ஈரேழு...!"

"பதினாலு!"

"ஏலே, இன்னைக்கு மீனெல்லாம் கணக்குப் படிச்சிட்டுத்தாம்லே கரையேறும்!" என்று முன்னாலிருந்து சித்தப்பா கத்தினார். ஆனால் வலை அசைந்தது.

வாத்தியாரின் குரல் கொட்டகைக்குப் போதுமான குரல். அலைக்கு எதிரே பாதியில் அடைத்துக்கொண்டது. அவருக்கு முன்னால் கயிறு பிடித்திருந்தவள் எங்கள் அம்மா. அவர் நிறுத்தியதும் அவள் எடுத்துக்கொண்டாள். மீன் விற்கப் போகும்போது மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல் அது. அடி மறந்தால் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். அவர் மெல்லச் சொல்வார், அவள் ஊருக்கே சொல்வாள்.

அன்றிலிருந்து அதுவே ஏற்பாடு ஆயிற்று. கயிறு வந்தால் பள்ளிக்கூடமும் கயிற்றுக்குப் போகும். மீன் பங்கு வாங்கி வீட்டில் கொடுத்ததும் பள்ளிக்கூடம் திரும்பிக் கொட்டகைக்கு வரும். முன்பெல்லாம் ஓடினால் ஓடினதுதான், மறுநாள்தான் தலை காட்டுவோம். இப்போது கை காலெல்லாம் மீன் செதிலோடு வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து எழுதினோம். மூன்றாம், நான்காம், ஐந்தாம் வாய்ப்பாடுகள் எல்லாம் கயிற்றிலேயே முடிந்தன.

இதற்கிடையில் ஒன்று நடந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது, பெரியவர்களுக்குத் தெரியும். பள்ளிகளைப் பார்வையிடும் டிப்டி இன்ஸ்பெக்டர் முன்னொரு முறை வந்தபோது கொட்டகையில் ஒரு கோழிதான் இருந்ததாம். அடுத்த முறையும் இப்படி இருந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்குப் போகச் சொல்லி எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்து ஊருக்கு முள்மரம் அடர்ந்த, ஆளில்லாத உடங்காட்டு வழியாகப் போக வேண்டும். பையன்களை அனுப்புவார்கள். பெண் பிள்ளைகளை யாரும் அனுப்ப மாட்டார்கள். வாத்தியாருக்கும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. பள்ளிக்கூடம் மூடினால் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இதையெல்லாம் அவர் ஒவ்வொரு குடிசையாகப் போய்ச் சொல்லியிருந்தார். பின்னாளில் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டிப்டி சொல்லாமல் வந்தார். அவர் வந்தது சாளை மீன் நிறையச் சிக்கும் நல்ல சாளைப்பாட்டுக் காலம். நாங்கள் கயிற்றில் இருந்தோம்.

மணல்மேட்டில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே கோட்டும், கோட்டுக்குக் கீழே சப்பாத்தும். கொட்டகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

"என்னய்யா இது? பள்ளிக்கூடம் எங்கே?" என்றார்.

வாத்தியார் கயிற்றை விடவில்லை. "இங்கதான் சார் நடக்குது" என்றார்.

"முதலில் பிள்ளைகளைக் கயிற்றை விடச் சொல்லும்!"

சித்தப்பா முன்னாலிருந்து தலையை மட்டும் திருப்பினார். "அய்யா, இப்ப கையை விட்டா வலையோட மடி தளந்து மீனெல்லாம் கடலுக்கே போயிரும். பரீட்சைய இப்படியே வச்சுக்கங்க. இங்கன நிக்காதீக, கயிறு வருது, நகந்துக்கங்க!"

டிப்டி நகர்ந்தார். நகர்ந்தவர் என் பக்கத்துக்கு வந்துவிட்டார். "நீ சொல்லு. ஏழாம் வாய்ப்பாடு தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினேன். தெரியாமல் என்ன? அதுதானே எங்கள் வலையின் பாட்டு. கயிற்றோடு பின்னால் நடந்தபடியே மூச்சு விடாமல் சொன்னேன்:

"ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு, இருபத்தெட்டு, முப்பத்தஞ்சு..."

"நிறுத்து. எதோடு எதைப் பெருக்கினால் இருபத்தெட்டு? கேள்வி எங்கே?"

கேள்வியை நான் ஒருநாளும் சொன்னதில்லை. பதில் சொல்லி இழுப்பதுதான் எங்கள் வேலை. உண்மையைச் சொன்னேன்:

"கேள்வி எங்க அம்மாகிட்ட இருக்கு சார்."

அவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தரையைப் பார்த்தார். அதற்குள் நான் கயிற்றின் மேல்முனைக்கு வந்துவிட்டேன். மேலே வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு அலையோரத்துக்கு ஓடி மறுபடி பிடிக்க வேண்டும். நான் ஓடினேன். டிப்டியும் குடையோடு பின்னால் வந்தார். ஓர் அலை அவர் சப்பாத்தைக் கழுவிவிட்டுப் போனது.

"யாரம்மா இந்தப் பிள்ளையின் தாய்?"

"நாந்தாங்க" என்றாள் அம்மா. திரும்பாமலேயே கயிற்றை இழுத்து, "நாலேழு...!" என்றாள்.

"இருபத்தெட்டு!" என்றது கயிறு முழுவதும். என் குரல்தான் அதில் பெரியது.

"நீ சொல்லிக்கொடுக்கக் கூடாது!"

"நான் எங்கனங்க சொல்லிக்கொடுத்தேன்? நான் கேட்டேன், அதுக சொல்லுதுக. நீங்களே கேளுங்க."

டிப்டி என் முகத்துக்கு நேரே குனிந்து, ஆபீஸ் குரலில், "எட்டேழு?" என்றார். சத்தியமாக எனக்கு அது ஏழாம் வாய்ப்பாடு மாதிரியே கேட்கவில்லை.

"அப்படிக் கேட்டா வராதுங்க" என்றாள் அம்மா. "இழுத்துக் கேக்கணும்."

கயிற்றில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஒருமுறை கடலைப் பார்த்தார், ஒருமுறை மணல்மேட்டைப் பார்த்தார். மேட்டில் யாரும் இல்லை என்று உறுதியான பிறகு, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ராகமே இல்லாமல் இழுத்தார்:

"எட்டேழு...!"

"அம்பத்தாறு!"

வரிசை மாற்றிக் கேட்டார். ஆறேழு, மூவேழு, ஒம்போதேழு. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது, வலையும் வந்தது. அப்புறமும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. இது வெறும் பாட்டு, பொருள் தெரியாது என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு அடுத்து நின்ற ரோசம்மாவிடம், "ஓர் ஓலைக் கொட்டானில் எட்டு மீன். ஏழு கொட்டானில் எத்தனை?" என்று கேட்டார்.

ரோசம்மா யோசித்தாள். "என்ன மீன் சார்?"

"எந்த மீனாக இருந்தால் என்ன?"

"சாளைன்னா கொட்டானுக்கு எட்டு யாரு சார் போடுவா? காறித் துப்பிருவாக. சீலாவா?"

"சரி. சீலா."

"சீலா எட்டு ஒரு கொட்டான்ல அடங்காது சார்..." என்று அவள் இழுத்தாள். பின்னாலிருந்து வாத்தியார், "ஏத்தா, அடங்குதுன்னு வச்சுக்க!" என்று அழுகிற குரலில் சொன்னார்.

"அடங்குனா அம்பத்தாறு" என்றாள் ரோசம்மா.

டிப்டியின் மீசை அசைந்தது. சிரிப்பா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்து எழுத்து என்றார். நான் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நடந்தபடியே, வலது கால் பெருவிரலால் ஈர மணலில் என் பேரை எழுதினேன். கயிறு போகிற போக்கில் எழுதியதால் அது நாலு முழம் நீண்டு, கோணலாக, கடலிலிருந்து கரை நோக்கிப் போயிற்று. அதன் கூடவே நடந்து கடைசி எழுத்துவரை படித்தார்.

பிறகு வாத்தியாரிடம் போனார். அவர் கைகளைப் பார்த்தார். வயல் வேலை பார்த்த கைதான். ஆனாலும் கயிறு உரித்திருந்தது.

"நான் வந்தபோது பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது என்று எழுதுகிறேன்" என்றார் டிப்டி. "மூடச் சொல்லி எழுதவில்லை. ஆனால் நாளைக்கே அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கேள்வியையும் சொல்லிக்கொடும்."

சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு மணல்மேட்டில் ஏறிப் போனார். "அய்யா, நீங்களும் பாடியிருக்கீக, ஒங்க பங்கு!" என்று சித்தப்பா கூப்பிட்டதற்குக் குடையை மட்டும் ஆட்டினார்.

மடி கரையேறியது. நல்ல பாடு. கொட்டான்களும் கூச்சலுமாகக் கரை நிறைந்தது. எல்லோரும் மீனைச் சுற்றி நின்றபோது வாத்தியாரை மட்டும் காணவில்லை. தேடினேன். தூரத்தில் தனியாக, முழங்கால் தண்ணீரில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். குனிந்து இரண்டு கையாலும் கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக் கழுவினார். மறுபடி அள்ளினார். மறுபடி கழுவினார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை நாள் கடற்கரையில் இருந்தும் இந்த ஆளுக்கு உப்புத் தண்ணி கண்ணில் பட்டால் எரியும் என்பது தெரியவில்லையே! ரோசம்மாவை இழுத்துக் காட்டினேன். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சார், கண்ணு எரியும்! நல்ல தண்ணி இங்கன பானையில இருக்கு!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. இன்னும் ஒரு கை அள்ளினார்.

என் முதுகில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. அம்மா. அவள் கையிலிருந்த செதில் என் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

"சிரிக்காதடி. அவரு கழுவட்டும்" என்றாள். என் தோளைப் பிடித்து மீன் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள்.

டிப்டி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன பிள்ளையை, பேரை நாலு முழத்துக்கு எழுதிக் காட்டிய பிள்ளையை, பாராட்டாவிட்டாலும் போகிறது, ஊருக்கு முன்னால் அடித்துவிட்டாளே என்று அன்று பொழுது சாயும்வரை நான் அம்மாவோடு பேசவே இல்லை.