அப்பாவும் நானும் ஒரே வகுப்பில்

சனிக்கிழமை மதியம் எங்கள் தாம்பரம் தேவாலயத்தின் ஹாலுக்குள் அப்பா வருவதற்கு முன்னால், அவர் சட்டையின் தோல் வாடை வந்துவிடும். பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை. ஷிப்டை முடித்து, மின்சார ரயிலைப் பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ‘கன்ஃபர்மேஷன் கிளாஸு’க்கு வந்துவிடுவார். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் படித்துத் தேறினால்தான் திடப்படுத்தல். அதற்குப் பிறகுதான் பீடத்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நற்கருணை. சிறு வயதிலேயே வேலைக்குப் போய்விட்ட அப்பாவுக்கு அந்த வகுப்பு வாய்க்கவில்லை. அதனால் நற்கருணை ஞாயிறுகளில் அம்மா பீடத்துக்குப் போக, நாற்பது வயது அப்பா ‘பொடிசு’களான எங்களோடு பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். “இந்த வாட்டி பாப்பா கூடவே நானும் படிச்சிட்றேன்” என்று அவர் சொன்னபோது அம்மா கண் கலங்கினார். எனக்கோ மானமே போயிற்று.

முதல் வாரமே அவரிடம், “நீ பின்னாடி உக்காருப்பா, பசங்களுக்கு போர்டு மறைக்குது” என்றேன். “அதுவும் கரெக்டுதான்” என்று கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன நெஞ்சழுத்தம் எனக்கு!

ஐந்தாவது கட்டளை நடத்திய அன்று, வகுப்பெடுத்த ஸ்டெல்லா அக்கா என்னை எழுப்பினார். தாய்தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்பதை விளக்கத்தோடு மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். “சூப்பர்! இப்ப புக்கை விட்டுடு. இந்த வாரம் நீ எப்படிக் கனம்பண்ணே? ஒண்ணே ஒண்ணு சொல்லு” என்றார் அக்கா. நான் மறுபடியும் புக்கையே புரட்டினேன். பின்னாலிருந்து அப்பாதான் எழுந்தார். “டீச்சர், என் பொண்ணுதான் வூட்ல எனக்கு டெய்லி படிச்சுக் காட்டுது. அது இல்லாங்காட்டி எனக்கு ஒண்ணுமே ஏறியிருக்காது.” அம்மாவின் திட்டுக்குப் பயந்து நான் செய்த காரியம் அது. ஓவென்று அழுதுகொண்டே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த ஈஸ்டருக்கு முன் பேராயர் எங்கள் இருவர் தலையிலும் கைவைத்தார். பக்கத்துப் பக்கத்தில் முழங்காலிட்டு நற்கருணை வாங்கினோம். அவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு.

இப்போது அந்த வகுப்பை நான்தான் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் மாதக்கணக்காக நடந்தது மூன்று ஞாயிறாகச் சுருங்கிவிட்டது. ஊரப்பாக்கத்திலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் பிள்ளைகளை இறக்கிவிடும் பெற்றோர் காரிலேயே போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒப்பிப்பது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சபை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காவிட்டால் விசுவாசம் பாட்டோடும் பண்டிகையோடும் நின்றுவிடும் என்று கமிட்டியில் சண்டை போட்டு, இன்னும் இரண்டு ஞாயிறு வாங்கியிருக்கிறேன்.

ஐந்தாவது கட்டளைக்கு நான் சொல்வது என் கதையைத்தான். போன மாதம் மழைக்குக் குடை கொண்டுவந்த அப்பா, வாசலில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டார். திரும்பி வரும்போது, “போர்டு மறைக்குதுன்னு நான் சொன்னது பொய்னு உனக்கு அப்பவே தெரியுமாப்பா?” என்றேன்.

“தெரியாம இன்னா? முன்னாடி வந்து உக்காரலாம்னுதான் பார்த்தேன். நீ கோச்சிக்கினு கிளாசுக்கே வராம நின்னுட்டா இன்னா பண்றது? அதான் கம்முனு இருந்தேன்” என்றார்.