கறிவேப்பிலை வழக்கு

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கட்டடத்துக்குச் சட்டம் தெரிந்த ஆள் நான்தான். யாழ்ப்பாணத்தில் நாலு வருடம் நீதிமன்றத்தில் தட்டெழுத்து வேலை பார்த்தவள். இங்கே ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன். ஆனாலும் வீட்டுக்காரனின் கடிதம் வந்தாலும் சரி, புருஷன் பெண்சாதி சண்டை வந்தாலும் சரி, சனம் என் கதவைத்தான் தட்டும். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தக் குளிர்காலம் சனிக்கிழமைப் பிரெஞ்சு வகுப்பில் ஒரு பாடம் வந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய, இந்தக் கண்டத்தின் மேற்குப் பக்கத்துக் குடியேற்ற ஊர்களைப் பற்றியது. உண்மையான நீதிபதி அங்கே வந்துசேர மாதக்கணக்காகும். அதனால் சாராயக்கடைக்காரரே நீதிபதி, அவருடைய கடையே நீதிமன்றம், அங்கே குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஜூரி. ஒரு குதிரை காணாமல் போனால் ஊருக்குப் புதிதாக வந்தவனைப் பிடித்துவிடுவார்களாம். நான் வகுப்பிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். காட்டுச் சனம் என்று பக்கத்துக் கதிரைக்காரியிடம் சொன்னேன்.

அடுத்த கிழமை எங்கள் கட்டடத்தில் கறிவேப்பிலை களவு போனது.

சிரிக்க வேண்டாம். தை மாதத்து மொன்றியலில் பச்சைக் கறிவேப்பிலை என்பது லேசுப்பட்ட சாமான் இல்லை. மூன்றாம் மாடி அக்கா அந்தக் கன்றை டொரோண்டோவிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். வெயில் படட்டும் என்று படிக்கட்டு ஜன்னலோரம் வைத்திருந்தார். விடிய எழும்பிப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் இரண்டு இணுக்கு மொட்டையாய் நிற்கும். யாரோ உருவுகினம் என்று அக்கா கட்டடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அக்கா வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்த பிள்ளை மதுரைப் பக்கம். பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து ஐந்து மாதம்தான். நாலாம் மாடி அண்ணை ஓய்வு பெற்றவர், பொழுது போகாதவர். அவர் மூக்காலேயே துப்பறிந்துவிட்டார். வியாழக்கிழமை அவள் ரசம் வைத்தபோது கறிவேப்பிலை மணந்ததாம். அன்றைக்கு அவர் வீட்டுப் பருப்பும்தான் மணந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம், நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் இடத்தில் வழக்கு நடந்தது. அக்கா முறைப்பாட்டுக்காரி, அண்ணை சாட்சி, நான் நீதிபதி. மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பிள்ளை உடுப்புக் கூடையைப் பிடித்தபடி நின்றாள். அக்கா கன்றின் கதையைச் சொல்லி அழுதார். அண்ணை மணத்தை விவரித்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“பிள்ளை, இதைப் பெருசாக்க வேண்டாம். மாசம் முடியமுன்னம் வேற இடம் பாருங்கோ.”

“சரி ஆன்ட்டி,” என்றாள்.

வெளியே மைனஸ் இருபத்தைந்து. இந்த நகரத்தில் அவளுக்கு எங்களைத் தவிர ஒருவரையும் தெரியாது. அதுவும் எனக்குத் தெரியும். வாய் திறக்காமல் நின்றாளே, கள்ளி என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேணும் என்றார் அண்ணை. நானும் தலையாட்டினேன். பிறகு மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தோம். பொலிசுக்குப் போகாமல் இரக்கமாய் முடித்துவிட்டேன் என்று அக்கா என்னைப் பாராட்டினார்.

அவள் போய்ப் பத்து நாளிருக்கும். காலை வேலைக்கு இறங்கும்போது, கட்டடம் கூட்டும் ஹெயிட்டிக்காரர் கறிவேப்பிலைச் சாடிக்கு முன்னால் குனிந்து நிற்பதைக் கண்டேன். கையில் இலை. ஆகா, அடுத்த கள்ளன் என்றுதான் எனக்கு முதலில் ஓடியது. பார்த்தால் அவருடைய குப்பை வாரி முழுக்க இலை. ஜன்னல் குளிர் இந்தச் செடிக்கு ஆகாது மேடம், கிறிஸ்மஸுக்கு முந்தியே உதிரத் தொடங்கிவிட்டது, நீங்கள் எல்லாரும் எழும்ப முன்னம் நான்தான் தினமும் கூட்டி அள்ளுகிறேன் என்றார்.

எங்கள் ஊரில் கறிவேப்பிலை மொட்டையாய் நின்று யார் கண்டது? வெளியே மேப்பிள் உதிர்ந்தால் ஓடிப்போய்ப் படம் எடுக்கிற எங்களில் ஒருவருக்கும் இது உதிருமென்று தோன்றவில்லை. அக்கா சாடியை வீட்டுக்குள் எடுத்துவிட்டார். “அப்ப அவள் ஏன் வாய் திறக்கேல்லை?” என்று கேட்டதோடு அண்ணைக்கு வழக்கு முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. என் மேல் எனக்கே அப்படி ஒரு ஆத்திரம்.

மூன்று நாள் பல்கலைக்கழக மெத்ரோ ரயில் வாசலில் காத்து நின்று அவளைப் பிடித்தேன். செயின்ட்-மிஷேலில் யாரோ ஒரு குடும்பத்தின் நிலவறையில் இருக்கிறாளாம், வகுப்புக்கு வர ஒரு மணித்தியாலமாம். இடையிடையே இருமினாள். இலை உதிர்ந்த கதை முழுவதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அக்கா திரும்பி வரச் சொன்னவர் என்றும் சேர்த்துச் சொன்னேன். அது பொய். அவள் கோபப்படவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“பரவாயில்ல ஆன்ட்டி. நீங்க கோர்ட்ல வேலை பாத்தவங்கன்னு அக்கா சொல்லியிருந்தாங்க. ‘நீ எடுத்தியா’ன்னு நீங்களாவது ஒரு வார்த்தை கேப்பீங்கன்னுதான் அன்னைக்கு நின்னுட்டே இருந்தேன்.”

சொல்லிவிட்டு உள்ளே இறங்கிப் போய்விட்டாள். யாழ்ப்பாணத்தில் கோழி களவெடுத்துக் கையும் மெய்யுமாய்ப் பிடிபட்டவனிடம்கூட, நீதவான் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.