எதிராளிக்காகவும் வாதாடிய எமில்டா மிஸ்

கெலிஓயாவில் பஸ்ஸுக்கு நின்றபோது எமில்டா மிஸ்ஸின் தம்பி போனில் அழைத்தார். "அக்கா மோசம் போயிட்டா" என்றார். மரணச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹியை வாய் சொன்னது. மனதில் கோபம்தான் வந்தது. அவர் காப்பாற்றி வைத்த பாடத்தை மூடிவிட மறுபடியும் பேச்சு எழுந்திருக்கும் வேளையில் போய்விட்டாரே.

அவரை அறிந்தவர்களுக்கு அது எந்தப் பாடமென்று தெரியும். இடைக்கால ஐரோப்பியத் துறவி ஒருவரின் மெய்யியல். கண்டியில் எங்கள் பல்கலைக்கழகப் பிரிவில் அதைத் தமிழில் கற்பித்தவர் அவர் ஒருவரே. துறவியாகக் கூடாதென்று சொந்தச் சகோதரர்களே கோட்டையில் அடைத்துவைத்தும் அந்த மனிதர் மசியவில்லை. எதை எழுதினாலும் முதலில் தனக்கு எதிரான வாதங்களை எழுதுவார், பிறகுதான் தன் விடையை.

நான் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், "முஸ்லிம் பிள்ளை எனக்கு இவரோடு என்ன வேலை மிஸ்?" என்று கேட்டேன். சிரித்தார். "அவர் 'உரைகாரர்' எண்டு மட்டும் எழுதினா, அது கிரேக்க மெய்யியலுக்கு உரை எழுதின உங்கட முஸ்லிம் ஆள்தான். பேர் சொல்லத் தேவையில்லாத அளவு மதிப்பு. மதிச்சுப்போட்டுத்தான் மறுப்பார்."

முதல் முறை பாடத்தை மூடப் பார்த்தபோது கூட்டத்தில் மிஸ் எழுந்தார். மாணவர் குறைவு, வேலை கிடைக்காது, தமிழில் நூல் இல்லை என்று மூடுவதற்கான காரணங்களை நேர்த்தியாக அடுக்கினார். பிரிவுத் தலைவருக்கு வாயெல்லாம் பல். "அப்ப மிஸ்ஸே ஒத்துக்கிட்டாங்க, முடிச்சிருவோம்" என்றார்.

"இருங்கோ சேர். இவ்வளவும் உங்கட பக்கம். நீங்கள் வடிவாச் சொல்லேல்லை, அதான் நான் சொன்னனான். இனித்தான் என்ர பக்கம்."

ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். "வேலை கிடைக்காது எண்டீங்கள். ஓம், கஷ்டம்தான். ஆனால் பொய்யை அடையாளம் காணத் தெரியாத பிள்ளைக்கு வேலை கிடைச்சும் என்ன?" பாடம் தப்பியது.

பிலிமத்தலாவையில் மிஸ்ஸின் மரண வீட்டுக்குப் போனபோது அதே தலைவர் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். "மிஸ்ஸோட அந்தப் பாடமும் போயிரும் போல" என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்தாரோ என்னவோ, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போகாது சேர், நான் எடுக்கிறேன்" என்றேன். சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மிஸ்ஸுடைய புத்தகங்களை நான் கேட்கவில்லை. எதிராளி சொல்ல மறந்ததையும் அவனுக்காகச் சொல்லிவிட்டு எதிர்த்து நிற்கும் துணிவை எடுத்துக்கொண்டேன். வரும் கூட்டத்தில் பாடத்தை மூடுவதற்கான காரணங்களை ஒன்றுகூடக் குறைக்காமல் முதலில் நானே சொல்வேன். பிறகு என் விடைகளையும் சொல்வேன். அதற்கப்புறமும் மூட முடிந்தால் மூடட்டும், பார்க்கிறேன்.