சுவருக்கு மேலே கேட்கிற உப்பு

கொழும்பிலிருந்து நாடகம் போட வந்தவர்களை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு யாரும் சும்மா வந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் கூரையைப் படம் எடுப்பார்கள், யட்டியாந்தோட்டை டவுன் கடையில் பிளேன்டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள். இவர்களும் அந்தக் கூட்டம்தான் என்று நினைத்தேன்.

நாடகத்தின் கதை இதுதான். தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி டவுனில் ஒரு சிங்களக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். மாமியார் அவள் பொட்டையும் பேச்சையும் இளக்காரம் செய்கிறாள், புருஷன் அடிக்கிறான். அந்தப் பெண்ணாக நடிக்க வந்த கொழும்பு நடிகை முகத்தில் கறுப்பு மாவைப் பூசிக்கொண்டு நின்றாள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற என்னை, அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தமிழ் இருக்கட்டும், முதலில் அந்த மாவைக் கழுவச் சொல்லுங்கள் என்றேன், சிங்களத்திலேயே. இயக்குநர் மிஸ்ஸுக்கு முகம் சுருங்கிப்போனது.

அடுத்த வாரம் நடிகை வரவில்லை. தோட்டத்துப் பெண்ணே நடிக்கட்டும் என்றார் மிஸ். பால் வெட்டிவிட்டு வந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பேசவிட்டுப் பார்த்து, என் பக்கத்து வீட்டுத் தங்கச்சியைப் பொறுக்கி எடுத்தார்.

எனக்குச் சுரீர் என்றது. இத்தனை பேரில் ஏன் இவள்? இவளைப் புருஷன் அடிப்பது மிஸ்ஸுக்கு யார் சொல்லித் தெரியும்? அவன் தோட்டத்துக் காவல் பார்க்கிற வாட்சர், தமிழன், எங்கள் ஆள்தான். நான் சொல்லவில்லை. அவள் வாயே திறக்கமாட்டாள். மிஸ்ஸிடமே கேட்டேன். குரல் பிடித்திருந்தது என்றார். நான் நம்பவில்லை.

லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே கன்னத்தில் ஓர் அறை விழுந்தால் இங்கே கேட்கும். அடிக்காதே என்று யாரும் சொல்லமாட்டோம், அது அடுத்த வீட்டுச் சமாச்சாரம். சுவருக்கு மேலே குரல் கொடுத்து, கொஞ்சம் உப்பு இருக்கா என்று கேட்போம். லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். இருக்குக்கா, தாரேன் என்பாள் அவள். உப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அவன் கை இறங்கிவிடும். என் வீட்டில் உப்புக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

நடிக்க அவன் விடமாட்டான் என்றுதான் நினைத்தேன். விட்டான். நாடகத்தில் அடிக்கிறவன் சிங்களவன் அல்லவா? அவனுங்க அப்பிடித்தான் என்று ரப்பர் ஸ்டோர் பக்கமெல்லாம் சொல்லித் திரிந்தான். ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்து, அடிக்கிற கட்டத்தில் உச்சுக் கொட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. இது தன் கதை என்று அவனுக்கு உறைத்தால், வெளியே சொன்னவள் இவள்தான் என்று இவளைப் போட்டு மிதிப்பான். பார்த்து நடந்துகொள் என்று அவளிடம் சொன்னேன். தெரியும்க்கா என்றதோடு சரி.

நாடகத்தன்று தோட்டத்து மண்டபம் நிறைந்துவிட்டது. டவுனிலிருந்து சிங்களக் குடும்பங்கள், முஸ்லிம் கடைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வாட்சர் முன்வரிசை நாற்காலியில் இருந்தான். நாங்கள் பின்னால் பாயில் இருந்தோம். மேடையில் அந்தச் சிங்கள நடிகன் கையை ஓங்கினான். அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு தலை குனிந்தாள். அது நடிப்பில்லை, வீட்டிலும் அப்படித்தான் குனிவாள் என்று நினைக்கும்போதே என் வாய் முந்திக்கொண்டது.

"தங்கச்சி, கொஞ்சம் உப்பு இருக்கா?"

டவுன்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் பெண்கள் மேடையைப் பார்க்கவில்லை. எல்லோரும் வாட்சரைப் பார்த்தார்கள். அவன் கழுத்து விறைத்தது. கெடுத்துவிட்டேனே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். நடிகனை விட்டுவிட்டு முன்வரிசையைப் பார்த்தாள்.

"உப்பு கெடக்கட்டும்க்கா. நீங்க உள்ள வாங்க."

எழுந்தேன். மேடைக்குப் போகிற வழியில் அவன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் போய் நின்றேன். எனக்குப் பின்னால் பாய் சரசரத்தது, மற்றப் பெண்களும் எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். அவன் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தான். பிறகு காலை மடக்கிக்கொண்டான்.