மூன்று பொத்தான்களில் சிவப்புச் சொட்டு

பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய கீபோர்டு கிடைத்தது. வெள்ளை பழுப்பேறிப் போயிருக்கிறது. மேல் வரிசையில் மூன்று பொத்தான்களில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் சொட்டு, காய்ந்து மிளகு மாதிரி புடைத்து நிற்கிறது. மகளே, உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஆறாவது படித்த வருஷம், உன் நெயில் பாலிஷை அதில் கொட்டி வைத்தாய் என்று உன்னை அடித்தேன். "நான் இல்லப்பா" என்று அழுதாய். அத்தை பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "விடுடா, குழந்தைதானே" என்றாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அது நீ செய்ததல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன் தம்பியும் படிக்கட்டும். நான் பத்தாவதுதான் படித்தவன், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தை, என் அக்கா, புருஷன் போன பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு பட்டாபிராம் வந்து நம்மோடு இருந்தவள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் என் கம்பெனி மாதத்தில் பாதி நாள் லே-ஆஃப் கொடுத்த காலம் அது. அப்போதுதான் ஓர் ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கி முன் அறையில் வைத்தோம். டாஸ் என்பார்கள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படமும் கிடையாது, மவுஸும் கிடையாது. எல்லாமே பொத்தான்தான். ஒன்றை அமுக்கினால் சேமிக்கும், ஒன்றை அமுக்கினால் அச்சாகும், ஒன்றை அமுக்கினால் வெளியே வரும். பயோடேட்டா, காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட், சின்னக் கம்பெனிகளின் கடிதம் என்று அத்தைக்கு வேலை ஓயாது. ஸ்கூல் விட்டு வந்ததும் நீ பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியைப் படிப்பாய், அவள் அடிப்பாள். "படிக்கப் படிக்கத்தான்டி இங்கிலீஷ் வரும்" என்பாள். அடித்து முடித்ததையும் உன்னையே திரும்பப் படிக்கச் சொல்வாள். உன் இங்கிலீஷ் தேறுகிறதென்று எனக்குச் சந்தோஷம். யார் வீட்டுக்கு வந்தாலும், அவளுக்குக் கேட்கிற மாதிரியே சொல்வேன்: "எங்க அக்கா கை ஓடுற வரைக்கும்தான் இந்த வீடு ஓடும்." பெருமைக்குச் சொன்னேன். அது அவள் காதில் எப்படி விழுந்ததென்று எனக்குத் தெரியாது.

அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ. நடையில் நிறுத்திய சைக்கிளில் தினமும் ஏன் இடித்துக்கொண்டாள்? கேட்டால், "வண்டிய எங்க வெச்சிருக்கான் பாரு" என்று என்னையே திட்டுவாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு ஏன் போனாள்? பக்தி என்று நினைத்தேன்.

பிறகு விண்டோஸ் வந்தது. கடிதம் கொண்டுவருகிறவர்கள் விதவிதமான எழுத்து கேட்டார்கள், படம் வைக்க முடியுமா என்றார்கள். என்னோடு மெயின்டெனன்ஸில் வேலை பார்த்த நண்பன் கம்ப்யூட்டர் கற்றவன். மெமரி கூட்டி, புதிதாக ஒரு மவுஸையும் மாட்டி, நம் பெட்டியிலேயே விண்டோஸ் போட்டுத் தருவதாகச் சொன்னான். ஆயுத பூஜை அன்று எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாதே, கம்ப்யூட்டர் சும்மாத்தான் இருக்கும், அத்தையும் கோயிலுக்குப் போய்விடுவாள், திரும்பி வந்ததும் அசந்து போவாள் என்று நானே நாள் குறித்தேன். அவள் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போன பெட்டியை நாங்கள் திறந்தோம். "பழசு எதுனா வோணுமா மாமே? இல்ல மொத்தமா தொடச்சுரட்டா?" என்றான். "அக்கா அடிச்சதெல்லாம் பிளாப்பில இருக்கு. தொடச்சுரு" என்றேன். அவளைக் கேட்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளென்று நானும் நண்பனும் அத்தையை உட்கார வைத்தோம். நீ தாளோடு பக்கத்தில் நின்றாய். அவள் விரல் நேராக அந்தச் சிவப்புச் சொட்டுக்குப் போனது. அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். நான் மவுஸை எடுத்து அவள் கையில் வைத்து, "அம்பு நகருது பாருக்கா, அதைக் கொண்டுபோய்ப் படத்து மேல வை" என்றேன். அவள் நகர்த்தினாள். "எங்கடா?" "இதோ, நடுவுல." "எங்க?" நண்பன் சிரித்தான். "இன்னாக்கா, எலிய கண்டு இப்டி நடுங்குற? அது கடிக்காதுக்கா!" நானும் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அத்தையும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே மவுஸைத் தள்ளினாள், அது மேசை விளிம்பைத் தாண்டி வயரில் தொங்கியது. அதை எடுக்கக் கையை வேறு பக்கம் நீட்டித் துழாவினாள். அப்போதுதான் நான் சிரிப்பை நிறுத்தினேன்.

"தம்பி," என்றாள், மெல்ல. "அம்பு தெரியலடா. உன் மூஞ்சியே முழுசா தெரியல. ரெண்டு வருஷமாச்சு."

டாக்டர் கண் நரம்பு வாடிவிட்டது என்றார். போனது போனதுதான், முன்னாலேயே வந்திருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். ஏன் சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினேன். "சொன்னா சும்மா உட்கார வெச்சிருப்பியேடா" என்றாள்.

மறுவாரமே நண்பனை அழைத்து வந்து பழைய டாஸையே போட வைத்தேன். அதே கறுப்புத் திரை, அதே பொத்தான். "வாக்கா, உன்னுது வந்துருச்சு" என்று கூப்பிட்டேன். வரவில்லை. "இனிமே எல்லாரும் என் கையையே பார்த்துகினு நிப்பீங்கடா" என்றாள். பழையதை மிஷினுக்குக் கொண்டுவர முடிந்தது. எங்களுக்குத் தெரிந்துவிட்டதைத் தெரியாததாக்க முடியவில்லை. அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். ஜன்னலோர நாற்காலிதான். நீ பாடத்தைச் சத்தம்போட்டுப் படிக்கும்போது அவள் விரல்கள் மடியில் அடித்துக்கொண்டிருக்கும். நான் பார்த்துவிட்டு வெளியே போய்விடுவேன்.

அவள் காரியம் முடிந்த பிறகு பிளாப்பிப் பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம் கிடைத்தது. தகட்டில் செய்த கண்மலர், ஒரு ஜோடி. கண் சரியானால் அம்மனுக்குச் சாத்துகிறேன் என்று வேண்டி வாங்கியிருக்க வேண்டும். சாத்தவே இல்லை. அது இன்னும் பீரோவில் கிடக்கிறது. நான் கொண்டுபோய்ச் சாத்தலாம்தான். என்ன சொல்லிச் சாத்துவது?

இன்றைக்குப் போனில் வாயால் சொன்னாலே அது எழுதிக்கொள்கிறது, திருப்பிப் படித்தும் காட்டுகிறது. நீதான் வாங்கிக் கொடுத்தாய். நான் இதைக் கையால்தான் எழுதுகிறேன்.

கீபோர்டின் தூசியைத் துடைத்தேன். அந்தச் சொட்டுகளைச் சுரண்டிவிடலாம் என்று நகத்தை வைத்துப் பார்த்தேன். வரவில்லை. விரலால் தடவிப் பொத்தானைக் கண்டுபிடிக்க, இன்னும் ரொம்ப வருஷம் வேலை செய்ய வேண்டும் என்று நினைத்து உன் அத்தை வைத்திருக்கிறாள். அவ்வளவு கெட்டி.