எழுதப்படாத நோர்வேத் தாலாட்டு

போன கிழமை அஜக்ஸ் நகரில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்தேன். ஏலக்காய் வாசம். சர்க்கரைப் பொங்கல் என்று மூக்கு முடிவுகட்டியது. மனமோ டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடிக்குப் போய்விட்டது.

கனடா வந்த புதிதில் அங்கே ஓலாவ் என்ற நோர்வேக் கிழவரைப் பராமரிக்கும் வேலை எனக்கு. ஏலக்காய் போட்டுப் பணிஸ், அதுதான் இனிப்பு பன், சுடுவார். என் ஆங்கிலம் அப்போது 'யெஸ்', 'சொறி' இரண்டுக்குள் அடங்கியது. ஆனாலும் அவர் கதை மெல்ல மெல்ல விளங்கியது.

அவருடைய அப்பா இசையமைப்பாளர். ஜெர்மனியில் படித்துவிட்டு வந்து, பெரிய வாத்தியக் குழுவுக்காக ஒரு சிம்பொனி எழுதினாராம். ஒஸ்லோவில் ஒரே ஒரு தடவை வாசித்தார்கள். காலம் போன இசை என்று பத்திரிகைகள் எழுதின. மனிதர் பேசாமல் ஒரு கடலோர ஊருக்குத் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கப் போய்விட்டார். பிறகு அவர் செய்தது மகனுக்கு ஒரு தாலாட்டு மட்டும். அதைத் தாளில் எழுதவேயில்லை. எழுதினால் அதற்கும் யாராவது குறை சொல்வார்கள் என்ற பயமாம்.

கோப்பை கழுவும்போது ஓலாவ் அதைப் பாடுவார். சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. மெட்டை மட்டும் சுரம் பிரித்து, வேலைக் குறிப்பு எழுதும் கொப்பியில் எழுதினேன். நாலு வருடம் சங்கீதம் படித்த திமிர். வீட்டில் பாடிக் காட்டினேன்.

"உது மோகனமெல்லே? நோர்வேக்காரருக்கும் எங்கட ராகமோ?" என்றார் கணவர்.

"எங்கட எண்டு ஆர் சொன்னது?" என்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஓலாவைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு நின்றுபோனது. கல்கரியிலிருந்து மகள் இங்ரிட் வந்தாள். அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறப்பார், வராது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு காலை அவருக்குச் சவரம் செய்கையில் என்னை அறியாமல் அந்த மெட்டை முனகிவிட்டேன். அவர் பாடத் தொடங்கினார். சொற்களோடு, முழுவதையும். கத்தியைப் பிடித்த கையை எடுக்கவும் தோன்றாமல் நின்றேன். இங்ரிட் வாசலில் நின்று அழுதாள். கனடாவில் பிறந்தவள், எங்கள் பிள்ளைகளைப் போல அப்பாவின் மொழி தெரியாது.

"அப்பா என்ன சொல்லிப் பாடினவர்?" என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள்.

"எனக்கெப்பிடித் தெரியும், பிள்ளை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவர் பாட்டைப் பதிவுசெய்யக் கசெற் வாங்கி வந்தாள். அவர் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். அந்தக் கசெற்றில் கடைசியில் நான்தான் பாடினேன், வெறும் சுரமாக.

சிம்பொனித் தாள்கள் உலகப் போரில் எரிந்துவிட்டனவாம். இங்ரிட்டின் கடிதங்களும் நின்று கன காலம். மெட்டு இன்னும் என் வாயில் இருக்கிறது. அந்தச் சொற்கள் கடலைப் பற்றியவையா, நித்திரையைப் பற்றியவையா என்று சொல்லத்தான் ஒருவருமில்லை.