பச்சை உடம்புக்குக் கிடைக்காத தண்ணீர்

ஜெபத்துக்கு வந்திருக்கும் எல்லாருக்கும் என் தோத்திரம். இனிப்பாகச் சாட்சி சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

2003 சித்திரை. குரும்பலூரில் அம்மா வீட்டில் தலைப்பிள்ளை பெற்றுக் கிடந்தேன். வெளியே கத்திரி வெயில். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், சீதளம் பிடிக்கும் என்று அம்மா சொம்பையே கண்ணில் காட்டவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலை வலித்து உயிர் போனது. கெஞ்சினேன், அழுதேன். ஒருவரும் அசையவில்லை. "ஆண்டவரே, ஒரு வாய் தண்ணி" என்று மட்டும்தான் ஜெபித்தேன். வேறு ஜெபம் வரவில்லை.

மறுநாள் எனக்கு வலிப்பு வந்துவிட்டது. நினைவு திரும்பியபோது கையில் இரும்புச் சாவி இருந்தது. பிள்ளையைப் பார்க்க ரெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்த மாமியார் பேசியது காதில் விழுந்தது. "காக்கா வலிப்புக்காரிய மறைச்சு எங்க தலையில கட்டிட்டாங்க." பக்கத்தில் நின்ற என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில், பிள்ளை பெற்றவளுக்கு வலிப்பு என்றதும் பிரசவ ஜன்னி என்று ஊசி போட்டார்கள். நிற்கவில்லை. வலது கை துவண்டுபோனது. காலையில் வந்த டாக்டரம்மா மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பிரஷர் இல்லை. கால் வீக்கம் இல்லை. சிறுநீரில் உப்பு இல்லை. முன்னே வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார். கிடையாது. அப்புறம் அம்மாவிடம் திரும்பி, "இவளுக்கு எவ்ளோ தண்ணி குடுத்தீங்க?" என்றார்.

"ஒரு சொட்டு குடுக்கலைங்க. அவ்ளோ பத்தியமா பாத்துக்கிட்டேன்." அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

டாக்டரம்மா உடனே டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். இது ஜன்னியுமில்லை, காக்கா வலிப்புமில்லை, உடம்பு வறண்டு தலைக்குள் ரத்தம் உறைந்திருக்கும் என்று சொல்லித் திருச்சிக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேனிலும் அதுதான் தெரிந்தது. யாருக்கும் தோன்றாத அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தது என் தேவன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிழைத்துக்கொண்டேன். வலது கையால் இன்னும் சோறு பிசைய முடியவில்லை. மாமியார் சொன்ன சொல்லை இன்றுவரை திரும்ப வாங்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சபையில் சொல்கிறேன். வீட்டில் அவர் முகத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதற்கும் சேர்த்துத்தான் தினமும் முழங்கால் போடுகிறேன்.

நன்றி கெட்டவள் இல்லை நான். சாகக் கிடந்தவளை ஆண்டவர் எழுப்பினார், அவரை நம்புங்கள். ஆனால் உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் தண்ணீர் கேட்டால், அதை ஆண்டவரிடம் கேட்கும்படி அவளை விட்டுவிடாதீர்கள். நீங்களே எழுந்து கொடுங்கள்.